கவிழ்த்து வைத்த தூக்குச்சட்டி

"எம்மவனைத் தூக்கிக் குடுத்த நாளு இது! இன்னைக்குப் போயி கேக்கு சுடுதாளாம் கேக்கு... உனக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்காடி?"

காலை ஏழு மணிக்கே குருவம்மாள் ஆரம்பித்துவிட்டாள். அடுப்படியில் மருமகள் நாகஜோதி குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகக் கேட்கிற பேச்சுதான். பழகினால் வலிக்காது என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்த வீட்டில் ஒரே ஒருநாள் வந்து இருந்து பார்க்கட்டும்!

மகள் ரோஜாவுக்கு இன்று பத்து வயது. அவளுடைய ஏழாவது பிறந்தநாளன்றுதான் பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் அப்பா மாரிக்கண்ணன் போனான். அன்றைக்கு அவனுக்கு லீவு. விருதுநகர் பேக்கரியில் கண்ணாடிக்குள்ளே, ஒற்றைக்கால் தட்டின் மேல் ஒசரமாக நிற்கிற கேக்கை வாங்கித் தருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தான். லீவு நாளில் ஏன் வேலைக்குப் போனான்? கேக்கு வாங்கக் காசு வேண்டுமென்று பெண்டாட்டிதான் விரட்டியிருப்பாள் என்று குருவம்மாள் முடிவுகட்டிவிட்டாள். நாகஜோதியும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போனவன் எங்கே போனான்? வாசலில் செருப்பை உதறுகிற சத்தம் இன்னும் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். எங்கேயாவது கோயிலில் சரம் வெடித்தால் கையில் இருக்கிற கரண்டி தானாக நின்றுவிடும். இந்தத் தேதி வந்தால், அவன் போன அந்தப் பத்து மணி தாண்டுகிறவரை நாகஜோதிக்குப் பச்சைத்தண்ணீர் இறங்காது. ஆனாலும் பிள்ளை பிறந்தநாளை எத்தனை வருஷம்தான் எழவு வீடாகவே வைத்திருப்பது?

பிஸ்கட்டைப் பொடித்துக் குக்கரில் சுட்ட கேக்கு நன்றாகத்தான் வந்திருந்தது.

"ஒசரமா வைக்கணும்மா," என்றாள் ரோஜா மெதுவாக. "அப்பா போட்டோவுக்குத் தெரியணும்ல."

அப்புறம் என்ன! தாயும் மகளும் வீட்டிலிருந்த சாமான் ஒன்றைக்கூட விடவில்லை. சொம்பைக் கவிழ்த்து அதன்மேல் தாம்பாளத்தை வைத்தால் ஆடியது. டம்ளர் குட்டையாக இருந்தது. பவுடர் டப்பா சாய்ந்தது. கூலிக்குப் பட்டாசுக் காகிதக்குழாய் ஒட்டுகிற மைதாப் பசையைத் தடவிப் பார்த்தாள் நாகஜோதி. எத்தனை ஆயிரம் குழாய் ஒட்டிய கை... ஒரே ஒரு தட்டு ஒட்ட மாட்டேன் என்கிறதே! பசையை இன்னும் கெட்டியாகக் காய்ச்சிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடுவீட்டில் தாம்பாளம் ஆடாமல் அசையாமல் நின்றது. அதன் கீழே ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி கவிழ்ந்திருந்தது.

"ஐயோ! அதை ஏன்டி பரண்லருந்து எடுத்த?"

"அப்பா சட்டிதானம்மா... அன்னைக்குக் கொண்டுபோனது."

கம்பெனியில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வெடிமருந்து அறைப் பக்கமே விட மாட்டார்கள். வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மரத்தடியில் இருந்ததால் சட்டி தப்பியது. கூட வேலை பார்த்தவர்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது உள்ளே புளிச்சோறு தொடாமல் அப்படியே இருந்தது. அன்றைக்கே நாகஜோதி அதைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

கேக்கைத் திட்ட வந்த குருவம்மாள் சட்டியைப் பார்த்தாள். குனிந்து, அதில் வெட்டியிருந்த பேரை விரலால் தடவினாள். முகம் மாறியது.

"இது சின்னவன் செல்வத்தோட சட்டில்லா! சாத்தூர்ல வாங்கி நாந்தானே பேர் வெட்டுனேன்... பஸ்ஸுல தொலைச்சுட்டேன்னானே? அன்னைக்கு விடியக்காலைல அவனுக்கு இதுல புளிச்சோறு கட்டி வச்சுட்டுத்தானே தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வேன் ஏறிப் போனேன்... இது எப்பிடிடி பெரியவன் கைக்குப் போச்சு?"

நாகஜோதி முந்திக்கொண்டாள். "அது... அவுக சட்டி கழுவாமக் கெடந்துச்சு அத்தை. நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன்..."

"பொய் சொல்லாதீக மதினி!"

வாசலில் மாரிக்கண்ணனின் தம்பி செல்வக்குமார் நின்றான். அண்ணன் மகளுக்கு வாங்கிய மெழுகுதிரிப் பொட்டலம் அவன் கையில் இருந்தது.

"அன்னைக்குக் கம்பெனில வேலை எனக்கு ஆத்தா! முந்துன ராத்திரி குடிச்சுட்டு எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். சீசன் நேரம், ஆள் வரலைன்னா நிப்பாட்டிருவாகன்னு, நீ எனக்குக் கட்டிவச்ச சோத்தத் தூக்கிட்டு அண்ணன் போனான்... எனக்குப் பதிலாப் போனான்! ஆத்தாட்டச் சொல்லிராதீகன்னு மதினி கால்ல விழுந்து அழுதேன். மூணு வருசமாச் சொல்லலையே... எம்பழிய அவுக சுமந்தாகளே!"

குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மக... நீ ஏன்டி சொல்லல? நான் பேசுன பேச்சு அம்புட்டையும் ஏன்டி கேட்டுக்கிட்டு நின்ன?"

"ஒரு மவனைப் பறிகுடுத்துட்டு நின்னீக. இன்னொரு மவனையும் வெறுத்துட்டா உங்களுக்கு ஆரு இருக்கா அத்தை? ஏச்சு எனக்குத்தானேன்னு இருந்துட்டேன்..."

"அப்ப..." ரோஜாவின் குரல் சன்னமாகக் கேட்டது. "கேக்கால இல்லையா அப்பத்தா? நான் கேக்கு கேட்டதுனால அப்பா சாகலையா?"

ஐயோ, பிள்ளையே! ஏச்சு தன்னோடு போகிறது என்றல்லவா நாகஜோதி நினைத்திருந்தாள்! மூன்று வருஷமாக அது இந்தச் சின்ன நெஞ்சிலும் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் வாய்விட்டு அழுதாள். கணவன் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

குருவம்மாள் தரையில் உட்கார்ந்து பேத்தியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இல்லடா தங்கம்... உன்னாலயும் இல்ல, உங்கம்மாவாலயும் இல்ல. நாந்தான் வாய்க்கு வந்ததப் பேசுன பாவி..." மருமகளின் பசை ஒட்டிய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னைய மன்னிச்சிரு தாயி..."

மகனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நாகஜோதிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க தம்பி," என்றாள். அவன் மெழுகுதிரியைப் பிரிக்கப் போனபோது குருவம்மாள் தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"நெருப்பு மட்டும் வேண்டாம்லே."

அவன் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். குருவம்மாளே கேக்கைத் தூக்கித் தாம்பாளத்தின் மேல் வைத்தாள். ஒசரமாகத்தான் நின்றது. ரோஜா போட்டோவைப் பார்த்துக்கொண்டே வெட்டினாள்.

மணி பத்து. வாசலில் யாரோ செருப்பை உதறுகிற சத்தம் கேட்டது. நாகஜோதி இந்தத் தடவை எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு துண்டு வெட்டி மாரிக்கண்ணனுக்கென்று தனியாக எடுத்து வைத்தாள்.