ஆ பிரிவின் தேர்ச்சி

காலை எட்டே முக்காலுக்குத் திருப்பூர் எட்டாம் வட்டப் பள்ளியின் வாசலில் குழந்தைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். அ பிரிவு வலப்பக்கக் கதவு, ஆ பிரிவு இடப்பக்கக் கதவு. ஐந்தாம் வகுப்புத் தாரகை டீச்சர், அன்றைய பாடத்தைச் சொல்லும் செவித்துணையைக் காதில் மாட்டிக்கொண்டு இடப்பக்கம் போனாள். "வணக்கம். இன்று பின்னங்கள், பக்கம் நாற்பத்தொன்று" என்றது அது. பதினான்கு வருடமாக அதே புத்தகம், அதே நாற்பத்தொன்றாம் பக்கம்.

அ பிரிவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வருடத்துக்கு ஒரு புது முறை வரும், புதுக் கருவி வரும். ஆ பிரிவு பழையபடியே படிக்க வேண்டும். வருடக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புது முறை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று கூட்டாய்வு மையம் அறிக்கை எழுதும். இதைச் செய்வதற்குப் பெயர் பள்ளிக்கும் மையத்துக்கும் இடையிலான கற்றல் கூட்டாய்வு. பல மொழி பேசும் பிள்ளைகளின் கல்வியை மேம்படுத்துவதற்காக என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். எந்தப் பாதிப் பிள்ளைகளுக்கு என்று எழுதவில்லை.

ஆ பிரிவு ஆசிரியர் புத்தகத்தைத் தாண்டி ஏதாவது சொல்லிக்கொடுத்தால் செவித்துணை 'கலப்பு' என்று குறித்துக்கொள்ளும். கலப்பு சேர்ந்துவிட்டால் ஒப்பீடு கெட்டுப்போகுமாம். பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

அன்று நடைபாதையில் போகும்போது அ பிரிவின் திறந்த ஜன்னல் வழியே தாரகை அதைப் பார்த்தாள். குழந்தைகள் மூன்று மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் கணக்கை ஒடியாவில் சொன்னாள். ஒடியா தெரியாத இன்னொருத்தி, அவள் கையையும் முகத்தையும் பார்த்தே அதைப் படமாக வரைந்தாள். மூன்றாமவள் படத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். புரியாதவளுக்குப் புரிய வைப்பதற்குள் சொல்கிறவளுக்கே கணக்கு புரிந்துவிடும்.

தாரகை அங்கேயே நின்றுவிட்டாள். அது அவளுடைய முறை. ஏழு வருடத்துக்கு முன்னால், ஊர் ஊராக வந்து சேர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடியபோது அவளாகக் கண்டுபிடித்தது. அன்றைக்குச் செவித்துணை அதை 'இரைச்சல், கலப்பு' என்று குறித்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனிமேல் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

உடனே மையத்துக்கு அழைத்தாள். டாக்டர் ஷெரின் திரையில் வந்தாள். நல்ல பெண், எப்போதும் சிரித்த முகம்.

"ஆமா மேடம், சுழல்மொழி முறைன்னு பேரு வச்சிருக்கோம். உங்க வகுப்போட பழைய கலப்புப் பதிவுகள அலசினப்போ கெடச்சுது. பிரமாதமான யோசன!"

"அறிக்கைல எம் பேரு இருக்குதுங்களா?"

"பின்னிணைப்புல இருக்கு மேடம். 'ஒரு பங்காளிப் பள்ளி ஆசிரியர்'னு."

"பங்காளியா? எங்கூர்ல வரப்பு வெட்டறவனுக்குத்தானுங்க அந்தப் பேரு." ஷெரின் சிரித்தாள். தாரகை சிரிக்கவில்லை. "சரி, பேரு கெடக்குது. எங்கிளாசுல பூல்மணின்னு ஒரு புள்ளைங்க. வூட்ல சந்தாலி பேசறவ. அஞ்சு வருசமா கணக்கப் பாத்தாலே பயந்துக்கறா. இந்த மொறைல சொன்னா பின்னத்த ஒரு வாரத்துல புடிச்சுக்குவா. சொல்லிக் குடுக்கட்டுங்களா?"

"ஐயோ, கூடாது மேடம். நீங்க கன்ட்ரோல் குரூப். பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் பிரிவு மாத்தவும் முடியாது. அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டா, இந்த முறை வேலை செய்யுதுன்னு எத வச்சு நிரூபிக்கறது?"

"அப்ப எம்புள்ளைங்க தோத்தாத்தான் நீங்க ஜெயிச்சதுக்குச் சாட்சி."

"அப்படிச் சொல்லாதீங்க. அவங்க பங்களிப்பு ரொம்ப முக்கியம்" என்றாள் ஷெரின். அதை மனதாரச் சொன்னாள் என்பதுதான் தாரகைக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செவித்துணையைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். தன் வகுப்பில் ஏற்கெனவே கணக்கில் கெட்டியான லிப்சாவையும் பிரமிளாவையும் கூப்பிட்டுப் பூல்மணியோடு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். முதல் இரண்டு நாள் பூல்மணி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் சந்தாலியில் ஏதோ சொல்லிக்கொண்டு கையால் காற்றில் ரொட்டியைப் பிய்த்தாள். லிப்சா வரைந்தாள். பூல்மணி படத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, இல்ல! இது பெரிய துண்டு!" என்று கத்தினாள். ஐந்து வருடத்தில் அவள் போட்ட முதல் சத்தம் அது. 

ஆண்டு மதிப்பீட்டில் பூல்மணி தொண்ணூற்றிரண்டு வாங்கினாள். அதுதான் வினையாகப் போயிற்று. ஆ பிரிவில் ஒவ்வொரு குழந்தைக்கும் பழைய மதிப்பெண்ணை வைத்து ஒரு வரம்பு உண்டு; அவளுக்கு அது முப்பதிலிருந்து ஐம்பது. முடிவுச் சீட்டில் 'கலப்பு, செல்லாது' என்று வந்தது. செல்லாத மதிப்பீட்டுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடையாது. முப்பது வாங்கியவர்களுக்கெல்லாம் இடம் உண்டு. மேல் வகுப்பிலும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே!

பூல்மணியின் அம்மா சீதாமுனி ஷிப்டை விட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எம்பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு டீச்சரம்மா? காப்பி அடிச்சிருச்சா?"

"இல்லீங்க அக்கா."

"பின்ன என்ன பண்ணுச்சு?"

"படிச்சிட்டாளுங்க. அதான் தப்பு."

சீதாமுனிக்குப் புரியவில்லை. தாரகை எல்லாவற்றையும் சொன்னாள். அ பிரிவு, ஆ பிரிவு, மரத்தடி, ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. கலப்பு நீக்கத் தேர்வு என்று ஒன்று வைப்பார்கள். அதில் பிள்ளையின் மதிப்பெண் வரம்புக்குள் இறங்கினால், முன்பு வந்தது ஏதோ பிழை என்று தள்ளிவிட்டு இடம் கொடுத்துவிடுவார்கள்.

சீதாமுனி தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள். "ஒரு வருசம் வெளிய இருந்தா இவ பனியன் கம்பெனிக்குத்தான் வருவா. நான் அப்படித்தான் வந்தேன். நீங்கதானே டீச்சரம்மா சொல்லிக் குடுத்தீங்க? தப்பா எழுதறதுக்கும் நீங்களே சொல்லிக் குடுங்க."

முடியாது என்று சொல்லிவிடத்தான் தாரகை வாயைத் திறந்தாள். மையத்தோடு சண்டை போடலாம், பத்திரிகைக்கு எழுதலாம், வழக்குப் போடலாம். எல்லாம் செய்யலாம். ஆறாம் வகுப்புச் சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. "நாளைக்கு அனுப்புங்க" என்றாள்.

மறுநாள் மரத்தடியில் தாரகை பலகையில் எழுதினாள். அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு?

"முக்கால்" என்றாள் பூல்மணி, கண் இமைக்கும் முன்னால்.

"முக்கால் வேண்டாங் கண்ணு. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் நாலும் ஆறு. ஆறுல ரெண்டுன்னு எழுதோணும்."

பூல்மணி பலகையை உற்றுப் பார்த்தாள். விரலால் தரையில் ஒரு ரொட்டி வரைந்து ஆறாக வெட்டினாள். அதில் இரண்டு துண்டை எண்ணினாள்.

"இது அரை அளவுகூட இல்லியே டீச்சர். அரைகூடக் கால சேத்தா எப்புடிக் கம்மியாகும்?"

எவ்வளவு அழகான கேள்வி! பதினான்கு வருடத்தில் ஆ பிரிவில் யாரும் கேட்டிராத கேள்வி. அதற்குத் தட்டிக்கொடுத்துக் கொண்டாட வேண்டிய தாரகை, "கேக்காத சாமி. அப்படியே எழுது" என்றாள். சொல்லும்போதே தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாற்பத்தொன்றாம் பக்கக் கணக்குகளில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ஐந்து வருடம் தெரியாமல் எழுதியதைத் தெரிந்துகொண்டு எழுதப் பூல்மணிக்கு மூன்று நாள் பிடித்தது. கை தானாகச் சரியான விடைக்கே போயிற்று.

வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டு வாங்கினாள். 'செல்லும்' என்று வந்தது. ஷெரின் தானே அழைத்து வாழ்த்தினாள். "பாத்தீங்களா மேடம், அமைப்பு தன்னத்தானே சரி பண்ணிக்கும்!"

சேர்க்கைச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு சீதாமுனி தாரகையின் இரண்டு கையையும் பிடித்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற பூல்மணி மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், ஆறாவதுல நெசமான விடைய எழுதலாமா?"

சீட்டில் அவள் பெயருக்கு நேராக ஆ பிரிவு என்றுதான் இருந்தது.

"வேண்டாங் கண்ணு" என்றாள் தாரகை. "எழுதுனா மறுபடியும் வெளிய போட்டுருவாங்க."

பூல்மணி சரியென்று தலையாட்டினாள். சொன்னதைச் சொன்னபடி கேட்கும் பிள்ளை.