இறங்குதல் தனி

"தவசிமுத்து, வயது இருபத்துமூன்று, நிலவின் தென்முனை, மூன்றாம் பனிக்குழி."

இதைச் சொன்னால்தான் அறைக்குள் அன்றைய காற்று வரும். பல் துலக்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குரல் கரகரத்தால் கதவோரம் இருக்கும் மூச்சுமானி "மறுபடி சொல்லவும்" என்னும். அதனால் சளி பிடித்த நாட்களில் தவசிமுத்து நாலு மிளகை மென்றுவிட்டுத்தான் படுக்கையை விட்டு எழுவான்.

அன்று காற்று வந்ததும் எளியவான் நிறுவனத்தின் பயணமுகவியை அழைத்தான். பயணமுகவி என்பது டிக்கெட் விற்கும் ஒரு குரல். பனி வெட்டுகிறவர்களின் கைகள் எந்நேரமும் தடித்த உறைக்குள் இருப்பதால், அதில் தொடுவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. காதில் விழுவதையெல்லாம் எழுத்தாக்கும்; எழுத்தானதையெல்லாம் ஒப்பந்தமாக்கும்.

அவனுக்கு ஊருக்குப் போயாக வேண்டும். அக்கா முப்பிடாதியின் மகள் நறுமுகைக்குப் பன்னிரண்டு நாளில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவார்கள். முப்பிடாதிக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். மூன்று வருடமாக ஒரு நாள் கூட விடுப்பு எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தான். கம்மலும் வாங்கியாயிற்று.

இன்னொரு காதில் அக்காவும் அழைப்பில் இருந்தாள். டிக்கெட் போட்டு முடிக்கும் வரை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். பூமிக்குக் குரல் போய் பதில் வர மூன்று விநாடி ஆகும்.

"வணக்கம்" என்றது பயணமுகவி. "தூத்துக்குடி வான்துறைக்கு வெறும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இருக்கை வேண்டுமா?"

"இருக்கை இல்லாம எப்படிங்க போறது?"

"தொங்கலாம். எடையற்ற பயணத்தில் தொங்குவது சுகமாக இருப்பதாகப் பயணிகள் தெரிவித்திருக்கிறார்கள்."

"இருக்கை போடுங்க."

"சேர்க்கப்பட்டது. முதல் நாள் காற்று இலவசம். பயணம் மூன்று நாள். மீதி நாட்களிலும் சுவாசிக்க விரும்புகிறீர்களா?"

விரும்பினான். அதுவும் சேர்ந்தது. புறப்படும்போது கைதட்டல் வேண்டுமா என்று பயணமுகவி கேட்ட அதே நேரத்தில் அக்காவின் குரல் வந்து சேர்ந்தது.

"ஏலே, நீ வெறுங்கையோட வந்தாப் போதும், கேட்டியா? எங்க மாமியாதான் சொல்லுதாவ, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடையும் மாமன் முறைதானாம். பெருசா ஒண்ணும் வேணாம்."

"சரிக்கா, சரிக்கா."

"இரண்டு சரி" என்றது பயணமுகவி. "கைதட்டல் இருவருக்குச் சேர்க்கப்பட்டது."

"ஏங்க, நான் ஒருத்தன்தான் போறேன்!"

மூன்று விநாடி கழித்து அக்கா வெடித்தாள். "என்னல பேச்சு பேசுத? நல்ல காரியத்துக்குக் கெளம்புதவன் போறேன்னு சொல்லலாமா? வாயைக் கழுவு. போயிட்டு வாரேன்னு சொல்லு."

"தெரியாம வந்துட்டுக்கா."

"சொல்லுல மொதல்ல!"

"போயிட்டு வாரேன்."

"நன்றி" என்றது பயணமுகவி. "போய் வரும் பயணம் பதிவாகிவிட்டது. பணம் எடுத்துக்கொள்ளப்பட்டது. உங்கள் இருப்பு பூஜ்ஜியம்."

"ஐயையோ, நான் போக மட்டும்தாங்க கேட்டேன்."

"பதிவில் 'போயிட்டு வாரேன்' என்று இருக்கிறது."

"அது சும்மா சொல்லுறது. எங்க ஊர்ல கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் அப்படித்தான் சொல்லுவோம்."

"உங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் போய் வரும் பயணமே எடுக்கிறார்கள். ஏன் என்று எங்கள் ஆய்வுத் துறைக்கு இதுவரை விளங்கவில்லை."

"சரி, ஊர்ல எத்தனை நாள் இருக்கலாம்?"

"இருக்க முடியாது. ஒரு வழிப் பயணத்தில் இறங்குதல் அடங்கும். போய் வரும் பயணத்தில் இறங்குதல் தனி."

எளியவான் கப்பல் பூமியைத் தொடாது. ஒரு முறை சுற்றிவிட்டு நிலவுக்கே திரும்பிவிடும். இறங்குவதற்குப் பணம் கட்டியவர்களை மட்டும் இறங்குகலம் என்ற சின்ன ஓடத்தில் வைத்துக் கீழே அனுப்பும். கட்டணம் அவனுடைய எட்டு மாதச் சம்பளம். ரத்து செய்யவும் அதே எட்டு மாதம். ஏறாமல் இருந்துவிட்டால் பத்து மாதம்.

எல்லாவற்றையும் முதலிலேயே கூட்டிச் சொல்லி, இதைவிடக் குறைந்த விலைக்கு டிக்கெட் விற்கும் நிறுவனம் ஒன்றும் நிலவில் உண்டு. அழைத்ததும் குரல் வாசிக்கும் நிறுவனப் பட்டியலில் அது இருபத்தேழாம் இடத்தில் இருந்தது. மூன்றாம் பனிக்குழியில் யாரும் இரண்டாம் இடத்தைத் தாண்டிக் கேட்டதில்லை.

"அக்கா" என்றான் தவசிமுத்து. "வாரேன். ஆனா இறங்க மாட்டேன்."

மூன்று விநாடி ஆயிற்று. "வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராமப் போற சொந்தக்காரனைப் பாத்திருக்கேன். வானத்தோட போறவன் நீ ஒருத்தன்தாம்ல."

"என்னை என்னக்கா செய்யச் சொல்லுத?"

"அப்போ மடி?" என்றாள் முப்பிடாதி.

அதே நேரம் பயணமுகவி ஜன்னல் வேண்டுமா என்று கேட்டது. பதில் வராததை வேண்டாம் என்று பதிவு செய்துகொண்டது.

ஒன்பதாம் நாள் கப்பல் ஏறினான். கதவு மூடும்போது ஒலிபெருக்கியில் இருவருக்கான கைதட்டல் கேட்டது. கப்பலில் அறுபது பேர். இறங்கப் பணம் கட்டியவர்கள் பதினொரு பேர். யார் அந்தப் பதினொருவர் என்று கேட்டான். அதைத் தெரிந்துகொள்ளத் தனிக் கட்டணம் என்றார்கள். தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. முன்னால் நின்று பேசினால் எழுத்தாகிவிடும். அதற்குக் கட்டணம் இல்லை. விலை வைக்க மறந்திருக்க வேண்டும். யாரும் கவனிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தவசிமுத்து வேகமாகப் பேசினான்.

"இறங்குறவங்களுக்கு வணக்கம். ஒரு சின்னப் பொட்டலம்தான், எடை ஒண்ணும் கெடையாது. வான்துறை வாசல்ல எங்க அக்கா முப்பிடாதி நிப்பா, அவ கையில குடுத்தாப் போதும். உள்ள ஒரு சோடி கம்மல் இருக்கு. ஒருவேளை அவளால வர முடியலேன்னா, வீடு பக்கந்தான், பஸ்ல ஒண்ணரை மணி நேரம். போற வழியில ஒரு பட்டுப்பாவாடை எடுத்துக்கிடுங்க, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு, அரக்குக் கலர்னா நல்லது. சீர்த்தட்டெல்லாம் வேண்டாம், கொஞ்சம் பழம் மட்டும். சாப்பிடாம விட மாட்டாங்க, இருந்து சாப்பிடுங்க. அப்படியே ஒரு அஞ்சு நிமிசம் சம்மணம் போட்டு உக்காந்து, பிள்ளையை மடியில வச்சுக்கணும். வேற ஒண்ணும் இல்ல. ஆசாரி ஊசியை எடுத்ததும் திமிறுவா. ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, தலையை உங்க நெஞ்சோட சாச்சுக்கிடுங்க. தயவுசெஞ்சு அசைய மட்டும் விட்டுறாதீங்க."