பெட்டிக்குள் பதினோரு வருடம்

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் மாலை ஆறு மணி ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு சிவப்பு விளக்கு எரியும். சனிக்கோளின் வளையத்தில் பனிக்கட்டி அள்ளப் போனவர்கள் குடும்பத்துக்கு அனுப்பும் ஒளிபரப்பு அப்போதுதான் வந்து சேரும். பதிவுப்பெட்டி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. உலை வைக்க வேண்டும், காற்று வடிகட்டியைக் கழுவ வேண்டும், வேலையா இல்லை?

பூங்கோதையின் பெட்டியில் கணவன் இளம்பரிதியின் பதினோரு வருடம் இருந்தது. ஒருநாள் பதிவைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அரக்கப்பரக்கப் பார்த்து அவனைத் தீர்த்துவிட மனம் வரவில்லை. ஒரு நல்ல நாளில் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதுவரை பெட்டியைத் தினமும் துடைத்து வைப்பாள். அது ஓடும் சத்தமே அவளுக்குத் துணை.

அந்தப் பெட்டி இன்று டிக் டிக்கென்று அடித்துக்கொள்ள, அவள் உடனே பழுதுபார்க்கச் சொல்லி அனுப்பினாள். மதியத்துக்கு மேல் எந்திரன் ஒன்று வந்து மூடியைக் கழற்றியது.

“பதிவெல்லாம் இருக்கும் வன்தட்டு தேய்ந்துவிட்டது, அம்மா. ஓயாமல் எழுதியிருக்கிறது, ஒருமுறைகூடப் படிக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். அதற்குள் கடைசிப் பதிவுகள் சிலவற்றை நீங்கள் பார்த்துவிடலாம். அல்லது எல்லாவற்றையும் புதுத் தட்டுக்கு மாற்ற முயலலாம். நடுவில் நின்றால் மொத்தமும் போய்விடும்.”

“மாத்திடு” என்றாள், யோசிக்காமலே.

அந்த ஒரு மணி நேரம் அவள் உட்காரவே இல்லை. தட்டு முனகி முனகி ஓடி, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு அடங்கியது. சரிபார்க்க வேண்டுமே என்று எந்திரன் நேற்றைய பதிவைக் கொஞ்சம் ஓட்டியது. நரைத்த தாடியோடு இளம்பரிதி திரையில் வந்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“கோதை, நீ அனுப்புறதை ஒண்ணு விடாம பதிவு பண்ணி வெச்சிருக்கேன். வீட்டுக்கு வந்ததும் நிதானமா உக்காந்து பாக்கணும்.”

இத்தனை வருடமாக அவள் அனுப்பிய ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான் கேட்டிருந்தாள்: எப்ப வருவீங்க? பதில் இந்தப் பெட்டிக்குள் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தாள்.

மணி ஆறானது. சிவப்பு விளக்கு எரிந்தது. நேரடியாகவே பார்க்கிறீர்களா என்று எந்திரன் கேட்டது.

“வேணாம், பதிவாகட்டும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள்.