மேப்பிள் ஃபோர்க்கின் கடைசி ஆள்

காலையில் எழுந்ததும் சன்னலுக்கு வெளியே இன்றைக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்வதுதான் அங்கயற்கண்ணியின் முதல் வேலை. அன்று தாமிரபரணி வேண்டும் என்றாள். உடனே சன்னலில் ஆறு ஓடியது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துச் சோளக்காட்டின் நடுவே உட்கார்ந்து, பாபநாசம் படித்துறையைப் பார்த்தபடி காப்பி குடித்தாள். திரைச்சாளரம் வந்தபின் அசல் வெளியை யார் பார்க்கிறார்கள்?

அவளுடைய ஊரான மேப்பிள் ஃபோர்க் டவுன்ஷிப் வரைபடத்தில் ஒரு சதுரம். இந்தப் பக்கம் ஆறு மைல், அந்தப் பக்கம் ஆறு மைல், குறுக்கே ஓர் ஓடை. விதைப்பதும் அறுப்பதும் இயந்திரங்கள். சோளம் இரண்டு ஆள் உயரம் நிற்கும்; பக்கத்து வீட்டுக் கூரைகூடக் கண்ணுக்குத் தட்டுப்படாது. சாமான்கள் வானத்திலிருந்து இறங்கும். சமையலுக்கும் பேச்சுத்துணைக்கும் தொண்டன் என்ற வீட்டு ரோபோ இருந்தது.

அவளுடைய கணவர் திருமாறன் அந்த ஓடைக்கரையில்தான் அடக்கமாகியிருந்தார். ஆள் குறைந்த டவுன்ஷிப்புகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. மிஞ்சியவர்களை நகரத்து அடுக்குமாடியில் குடியேற்றிவிட்டு, நிலம் முழுவதையும் உழுதுவிடுவார்கள். ஓடைக்கரைக்கு மட்டும் தனிச் சலுகையா தரப்போகிறார்கள்? பாவம், அவளுக்குத் தூக்கமே போயிற்று. ‘இந்த ஊரில் நான் ஒருத்திதான் மிச்சம், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்’ என்று மேலிடத்துக்கு மனுப் போட்டிருந்தாள்.

அந்த மனுவுக்குப் பதிலாகத்தான் ஊர் ஊராக ஆள் கணக்கெடுக்கும் குடிக்கணக்கி வந்தது. கொக்குக் கால்களுடைய அந்த இயந்திரம் வாசலில் வந்து நின்றது. கணவரை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள்.

“நீங்க எங்கயும் போக வேண்டாம்மா,” என்றது குடிக்கணக்கி. “உங்க ஊர்ல இருநூத்திப் பதினாலு பேர் இருக்காங்க. எல்லாருமே, நான் ஒருத்தர்தான் மிச்சம்னு மனுக் குடுத்திருக்காங்க.”

ஊர் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்லிவிட்டு அது அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கயற்கண்ணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அத்தனையும் ஆனந்தக் கண்ணீர். பிறகு தொண்டனைப் பிடித்து உலுக்கினாள். அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது. சோளத்துக்கு அந்தப் பக்கம் மார்கிட் என்றொரு அம்மாள் இருக்கிறாளாம். கணவனை இழந்தவள். சனிக்கிழமைதோறும் இங்கிருந்து இட்லி போகுமாம், அங்கிருந்து ஆப்பிள் பணியாரம் வருமாம். ரோபோக்களுக்குள் நல்ல பழக்கமாம்.

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“ஊர்வம்பெல்லாம் எங்கிட்டக் கொண்டுவராதேன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவள் முகம் கழுவி, நல்ல புடவை கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். முன்பின் தெரியாத வீட்டில் திடுதிப்பென்று போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? அந்த அம்மாளுக்கு என்ன வேலையோ. தொண்டனைக் கூப்பிட்டு, அவள் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டுவரச் சொன்னாள். தொண்டன் சோளத்துக்குள் நுழைந்து மறைந்தது.

திரும்பி வர நேரமானது. பாதி வழியில் மார்கிட்டின் ரோபோவும் இதே கேள்வியோடு எதிரே வந்ததாம்.

“நல்லா இருக்காங்களாம்மா. நீங்க எப்படி இருக்கீங்கன்னு ரொம்ப விசாரிச்சாங்க.”

அங்கயற்கண்ணிக்கு மறுபடி கண் கலங்கியது. எத்தனை வருஷமாயிற்று, ஒரு மனுஷி தன்னை விசாரித்து! அவள் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள்.

“நானும் நல்லா இருக்கேன்னு போய்ச் சொல்லிட்டு வா,” என்றாள் மனம் நிறைந்து. “அக்கம்பக்கம்னா இப்படித்தான் இருக்கணும்.”