இரட்டைச் சொடுக்கு

அன்று மாலை குருவிகள் உள்ளே வரவில்லை.

மணி ஏழு ஆகியிருந்தது. லூனாஸ் கடைத்தெருவின் பின்சந்தில், தன் கடைவீட்டின் பின்கதவருகே நின்று இரஞ்சிதம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக இந்நேரம் முந்நூறு குருவிகளாவது செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து கரும்புள்ளிகளாகக் கிளம்பி வந்து, கூரைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மேல்மாடிச் சுவரில் விட்டிருந்த சதுர ஓட்டைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து மறைந்துவிடும். இன்றும் அவை வந்தன. சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. ஓட்டையின் விளிம்புவரை வந்து, உள்ளே யாரோ நிற்பதைப் பார்த்துவிட்டவை போல் சட்டென்று திரும்பின.

"ஆந்தை பூந்திருச்சு போலக்கா," என்றான் பக்கத்தில் நின்ற காளிதாசன். மேல் இரண்டு மாடிகளிலும் குருவிகள் தங்கள் எச்சிலாலேயே கட்டும் கூடுகளை, சூப்புக்கு விற்கப் பதம் பார்த்துப் பிரித்தெடுப்பது பத்து வருடமாக அவன் வேலை. "ஆந்தை உள்ள இருந்தா ஒண்ணுகூட வராதுலா. நான் ஏறிப் பாத்துட்டு வரேன்."

வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரஞ்சிதம் சொன்னாள். கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓட்டைக்கு மேலே பொருத்தியிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தான். அதுவரை குருவிகளின் இரைச்சலில் அமுங்கியிருந்த சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது. டக்டக். சற்று இடைவெளி. டக்டக்.

காளிதாசனின் முகம் மாறியது.

"அக்கா, இது குருவிச் சத்தம் இல்ல. அண்ணன் சத்தம்."

அவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்புடுற ஸ்பீக்கர்க்கா இது. இதுல போட்டா எது வேணும்னாலும் வரும்." அவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "பதினாறு முடிச்சு அனுப்பி வச்சவங்கள இப்படிக் கூப்புடலாமா?"

தன் மனைவியைத் துணைக்கு அனுப்பவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். குருவிச் சத்தம் இருந்த பழைய பென்டிரைவைத் திரும்பப் போட்டுவிடுங்கள் என்று இரண்டு முறை கெஞ்சிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சந்து முனையில் அவன் விளக்கு திரும்பியதும் இரஞ்சிதம் கதவைச் சாத்தினாள்.

அவள் கணவர் அழகேசன் நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு, மேல் இரண்டு மாடிகளின் சன்னல்களை அடைத்து, உத்தரத்தில் பலகை அடித்து, வாலிட் குருவிகளுக்கென்று அந்த இருட்டை உண்டாக்கியவர் அவர்தான். வெளியே கூப்பிடும் சத்தம், உள்ளே தங்கவைக்கும் சத்தம் என்று இரண்டு விதமான ஸ்பீக்கர்கள். வந்த பறவை பயமில்லாமல் தங்கிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் அதே பலகைக்குத்தான் திரும்பும் என்பார். கும்மிருட்டில் அவை எப்படி மோதிக்கொள்ளாமல் பறக்கின்றன என்று ஒருநாள் அவள் கேட்டபோது, அவளைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்ச் சும்மா நின்று கேட்கச் சொன்னார். இருட்டு முழுவதும் டக்டக், டக்டக் என்று சின்னச் சின்ன இரட்டைச் சொடுக்குகள். வெளிச்சத்தில் அவை இந்தச் சத்தத்தைப் போடுவதேயில்லை, இருட்டில் மட்டும்தான், அது சுவரில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கின்றன என்று காதோரம் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்து அந்த இருட்டில்தான் அவர் அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். கீழே மகள் ஜெயந்தினி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இனிப்பு நீர் வியாதி அவருடைய கண்களைக் கொண்டுபோனது. முதலில் இடது கண். எட்டு மாதத்தில் வலது. மூன்று வாரம் கட்டிலைவிட்டு எழுந்திருக்காமல் கிடந்தவர், ஒரு காலை தானாகவே எழுந்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்து டக்டக் என்று சொடுக்கினார். ஓரடி வைத்தார். மறுபடி சொடுக்கினார். குருவிக்கு முடிந்தால் எனக்கு முடியாதா என்று சிரித்தார். ஆறு மாதத்தில் சுவர் எத்தனை அடியில் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறதா, நாற்காலியை யார் நகர்த்தினார்கள் என்று எல்லாம் சொல்லுமளவுக்குப் பழகிவிட்டார். அளவுகோலை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இது சொந்த அளவுகோல் என்பார். ஜெயந்தினி அதைக் கைப்பேசியில் நான்கு நிமிடம் படம் எடுத்து வைத்திருந்தாள்.

பாடாங் செராயில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். காரில் போகும்போதுதான் இரஞ்சிதம் அதைச் சொன்னாள்.

"அங்க வந்து நாக்கைத் தட்டிக்கிட்டு நிக்காதீங்க. எல்லாரும் பல்லி, பல்லின்னு சிரிக்கிறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

 அவர் புதினா மிட்டாய் ஒன்று கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். வாயில் ஏதாவது இருந்தால் நாக்கு பழக்கத்தில் தட்டாது பார், என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மண்டபத்தில் அவள் மேடையேறிப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவளைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல், கழிவறையைத் தேடி அவர் தனியாகப் பின்பக்கம் நடந்திருக்கிறார். அங்கே பெரிய கால்வாய். மழையில் அதன்மேல் போட்டிருந்த மூடி ஒன்று விலகிக் கிடந்தது. ஒரே ஒரு சொடுக்கு போதும் அவருக்கு, முன்னால் தரை இல்லை என்பது தெரிந்திருக்கும். அவர் சத்தமே போடாமல் போனார். தூக்கியெடுத்தபோது மிட்டாய் கன்னத்தின் ஓரத்தில் பாதி கரையாமல் இருந்தது. அதை விரலால் வழித்தெடுத்தவள் இரஞ்சிதம்தான்.

பதினாறாம் நாள் முடிந்து ஜெயந்தினி ஜொகூருக்குத் திரும்பினாள். அம்மாவையும் வரச் சொன்னாள். அம்மா போகவில்லை. அந்த நான்கு நிமிடச் சத்தத்தை மட்டும் பக்கத்துக் கணினிக் கடையில் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி, அன்று மாலையே வெளி ஸ்பீக்கருக்கும் உள் ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாள். வரவேண்டும். வந்து தங்கவேண்டும். ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் அவளுக்கு. அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

பென்டிரைவை மாற்றி ஒன்பது நாள் ஆகிறது. நேற்றுவரை குருவிகள் வழக்கம்போல் வந்து அடைந்துகொண்டுதான் இருந்தன.

இப்போது அவள் சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். குருவி எச்சத்தின் காரமான வாடை மாடிப்படி வழியே எப்போதும்போல் இறங்கி வந்துகொண்டிருந்தது, ஆனால் அதற்கடியில் இன்று வேறொரு வாடையும் இருந்தது, மழைக்குப் பிறகு கால்வாய்ச் சேற்றைக் கிளறிப் போட்டால் எழுமே, அந்த வாடை. மேலே டக்டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பதிவு அவளுக்கு மனப்பாடம். பதினோராவது சொடுக்குக்குப் பிறகு அவர் இருமுவார். பிறகு ஜெயந்தினி சிரிப்பாள். பிறகு நாற்காலி ஒன்று தரையில் இழுபடும்.

அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். பதினொன்று. இருமல் கேட்டது. சிரிப்பும் கேட்டது.

அந்தச் சிரிப்புக்கு மேலேயே இன்னொரு சொடுக்கு கேட்டது.

இரஞ்சிதம் எழுந்து மாடிப்படியடிக்குப் போனாள். அங்கேதான் சுவரலமாரியில் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. விசையை அழுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. ஜெயந்தினியின் சிரிப்பு பாதியில் நின்றது. தெருவில் ஒரு லோரி போனது. அது போய் முடியும்வரை அவள் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

டக்டக்.

மேலேதான். முதல் மாடி.

 அவள் வாய் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் கோணிக்கொண்டது. டார்ச்லைட் அலமாரியில் ஆணியில் தொங்கியது. கையை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். வெளிச்சம் பட்டால் குருவிகள் வாயை மூடிக்கொள்ளும். அவரை ஏற்கெனவே ஒரு முறை வாயை மூடவைத்தவள் அவள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இருட்டில் ஏறினாள்.

முதல் மாடிக் கதவைத் திறந்ததும் சூடான, ஈரமான காற்று முகத்தில் ஒட்டியது. உத்தரப் பலகைகளில் கூடுகளுக்குள் குஞ்சுகள் இருக்கவேண்டும். இந்நேரம் பசியில் கீச்சிட்டுக்கொண்டிருக்கவேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாக் குஞ்சுகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. காலடியில் எச்சம் மெத்தென்று அழுந்தியது. அவள் எட்டடி நடந்திருப்பாள்.

டக்டக்.

எதிர்ச்சுவர்ப் பக்கமிருந்து வந்தது. ஆனால் ஆள் நிற்கும் உயரத்திலிருந்து வரவில்லை. கூரையோரத்திலிருந்து வந்தது.

"என்னங்க," என்றாள். "நான்தாங்க. நீங்க தாராளமா தட்டிக்கிட்டே வாங்க. எனக்கு வெக்கமே இல்ல. தட்டிக்கிட்டே வாங்க."

சிமெண்டுச் சுவரில் நகம் சுரண்டும் ஓசை. நின்றது. மறுபடி. அது சுவரோடு பக்கவாட்டில் நகர்ந்தது. இந்தக் குருவிகளுக்குத் தரையில் நிற்கக் கால் வலு கிடையாது, சுவரைப் பற்றிக்கொண்டு தொங்க மட்டும்தான் முடியும் என்பது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது?

டக்டக். டக்டக்.

கிட்டே நெருங்க நெருங்கச் சொடுக்கு வேகமாகும். அது பறவைக்கும் அப்படித்தான். அவருக்கும் அப்படித்தான். சாயங்காலங்களில் அவர் வாசலிலிருந்து சமையலறைக்கு அவளைத் தேடி வரும்போது, அந்த வேகம் கூடுவதைக் கேட்டே அவள் தேநீரை ஆற்ற ஆரம்பிப்பாள். அவளெதிரே வந்ததும் நின்று, சுவரில் பட்டால் சத்தம் கெட்டியாகத் திரும்பும், உன்மேல் பட்டால் மெத்தென்று திரும்புகிறது, ஆயிரம் பேரில் கண்டுபிடிப்பேன் என்பார்.

டக்டக் டக்டக்.

கண்டுபிடியுங்கள் என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். நான்தான். கண்டுபிடியுங்கள்.

டக்டக்டக்டக்டக்.

துணி கிழிபடுவதுபோல் ஒரே சத்தமாக அது நீண்டது.

நின்றது.

எதுவோ அவள்மேல் வந்து பற்றியது.

பத்து விரல்கள். தோள்பட்டையில் ரவிக்கையோடு சதையையும் சேர்த்துக் கவ்வின. அதன் கால்கள் தரையில் படவில்லை. முழுப் பாரமும் அவள்மேல் தொங்கியது. சேற்று நீர் அவள் நெஞ்சில் வழிந்தது. நனைந்த தலைமுடி மோவாயில் உரசியது. நரைமுடி. சுருட்டை. அவளே வாராவாரம் எண்ணெய் தேய்த்துவிட்ட தலை.

"என்னங்க."

அவள் உதட்டருகே ஒரு சொடுக்கு. அவள் பற்களில் பட்டுத் திரும்பியது. இன்னொன்று. தலையைச் சாய்த்துக் கேட்பதை உணர்ந்தாள்.

மூன்றாவது சொடுக்கு இல்லை. அவள் பெயரும் இல்லை. தேடிக்கொண்டிருந்த பரபரப்பு மட்டும் அந்த உடம்பிலிருந்து மெல்ல இறங்கியது. ஒரு சுவர் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

அந்தத் தலை அசைய ஆரம்பித்தது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். நிதானமாக.

முதல் இழை அவள் கழுத்தில் விழுந்தது. ஈரமாக, நூலைவிடத் தடிமனாக, இடது காதடியிலிருந்து வலது காதடிவரை. காற்றுப்பட்டதும் இறுகியது. அதன்மேல் இன்னொன்று. எச்சில்.

கூட்டை ஆண்தான் கட்டும். முப்பத்தைந்து நாள் ஆகும்.

இழை இன்னும் மெல்லிதாகத்தான் இருந்தது. கையைத் தூக்கிப் பிய்த்துவிடலாம். உதறித் தள்ளிவிட்டுப் படியில் இறங்கி ஓடிவிடலாம். அவளுக்கு அது தெரிந்தது. கையும் பாதி எழுந்தது.

உதறினால் விழுந்துவிடுவார்.

கை இறங்கியது.

மோவாயில் ஓர் இழை. உதடுகளின் மேல் ஓர் இழை. அவள் மூக்கால் மூச்சை மெல்ல இழுத்தாள், தோள் உயராமல். மேலே பலகைகளில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கீச்சிட ஆரம்பித்தன. தலை இடமிருந்து வலம் போனது. வலமிருந்து இடம் வந்தது. அடுத்த இழை இமைகளின் மேல் விழப்போகிறது என்று தெரிந்து, இரஞ்சிதம் கண்களை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள்.