கழுத்தில் நீலம்

தங்கையின் கழுத்து ஒரு சாஃப்ட்வேரில் மாநிறமாகவும் இன்னொன்றில் நீலமாகவும் இருந்தது.

ஒரே படம்தான். பதினோரு வருஷமாக இந்த ஸ்டூடியோவில் ஆல்பம் செய்கிறவளுக்கு இது தெரியாத சங்கதியா? படத்துக்குள் கலர் புரொஃபைல் என்று ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் அதைப் படித்து, திரைக்கு ஏற்ப நிறத்தைத் திருத்திக் காட்டும். சும்மா படம் பார்க்கிற சாஃப்ட்வேர் எதையும் படிக்காமல் அப்படியே கொட்டிவிடும். ஆனால் மாறினால் முழுப் படமும்தான் மாறும். கழுத்து மட்டும் மாறித் தொலையாது.

பிரிண்டரின் சூடான மை வாடையும், ஏசியின் கரகரப்பும், முதுகுக்குப் பின்னால் முதலாளி சாவிக்கொத்தை ஆட்டுகிற சத்தமும் சேர்ந்து அவளுக்கு எரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தபோதே, அந்த நீலம் மெல்லப் பிரிந்து ஒரு பக்கம் நான்கு தடித்த கோடுகளும் மறுபக்கம் ஒரு கோடுமாகத் தெளிந்தது. விரல்கள்.

"உன் தங்கச்சி புருஷன் ஹால்ல மாட்டணும்னு அவசரப்படுத்துறாரும்மா. நல்லா தெரியிறதைப் பார்த்து பிரிண்ட் போடு."

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா சார்!"

மூன்று வாரம் முன்பு தங்கை போனில் சொன்னாள்: "அக்கா, போட்டோவுல என் கழுத்து நீலமா தெரியுது." வேலை மும்முரத்தில், வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற பதிலையே இவளும் சொன்னாள். "நீ பார்க்கிற சாஃப்ட்வேர் புரொஃபைல் படிக்காதுடி. கண்டுக்காதே." "சரிக்கா" என்று தங்கை வைத்துவிட்டாள்.

போட்டோவைப் பற்றியா கேட்டாள் அவள்? தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல ஆத்திரம் வந்தது. போன் போட்டாள்.

"உடனே கிளம்பி வாடி. எதையும் எடுத்துக்காதே."

"நான் நல்லாத்தான்கா இருக்கேன்."

திரையில் ஐந்து கோடுகளும் கழுத்துக்குள் அமுங்கின.

"அக்கா..."

இன்னும் அமுங்கின. போனில் நாற்காலி சாய்ந்தது. மூச்சுக்காக ஒரு இழுப்பு. மறுபடி ஒன்று.

"விடுடா! விடுடா நாயே!" அக்கா போனுக்குள் கத்தினாள்.

மறுமுனையில் இழுப்பும் நின்றுபோனது.

"படம் ரெடியா அண்ணி?" தங்கையின் புருஷன்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

எடிட்டிங் சாஃப்ட்வேரில் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து விண்டோவில் நீலம் தாடையைத் தாண்டியது. உதட்டுக்கு ஏறியது. வாய் திறந்தது. கண்கள் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தன.