இழந்தது என்ற கட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும், சாத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் சங்கிலி கையைத் துடைத்துக்கொண்டு, நோயாளிகள் சொல்வதைப் பதியும் சொல்லேட்டின் திரைமுன் உட்கார்ந்தார். கைநடுக்க மருந்துச் சோதனையின் பன்னிரண்டாவது வாரம் அது, கடைசிக் கேள்விகள். எதிரே சொற்பதிவாளர் ஸ்டெல்லா.

சங்கிலியின் மணிக்கட்டில் இருந்த நடுக்கமானி பூஜ்யம் காட்டியது. ஆனால் 2061-இல் கருவி சொல்வதை மட்டும் வைத்து எந்த மருந்தும் தேறுவதில்லை. எனக்கு இது வேண்டும் என்று நோயாளி முதலிலேயே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது கிடைத்ததா, அதற்காக எதை இழந்தார் என்று முடிவில் அவரே சொல்ல வேண்டும். மருந்துப் பெட்டியின்மேல் அச்சாவதும் அந்தச் சொல்தான், கம்பெனியின் சொல் அல்ல.

சங்கிலி கேட்டிருந்தது: "டீயைச் சிந்தாம ஆத்தணும்."

"கிடைச்சுதா அண்ணாச்சி?"

"கிடைச்சுது. ஒரு சொட்டு கீழ விழல."

"இழந்தது?"

"அந்தக் கட்டத்தச் சும்மா விடும்மா. எல்லாரும் அப்படித்தான விடுதாங்க?"

"சோதனையில இருக்க நாப்பது பேரும். அதான் எனக்கு ஆச்சரியம். எதையும் எடுக்காம குடுக்குற மருந்த நான் பாத்ததே இல்ல." அவள் பார்வை மேசைக்கடியில் போனது. "இடது கைய ஏன் மடியிலயே வச்சிருக்கீங்க?"

விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் மூன்று கொப்புளங்கள்.

"சூடு தெரிய மாட்டேங்குது. முன்னெல்லாம் கிளாசத் தொட்டாலே டீ பதமான்னு கை சொல்லும். இத எழுதுனா என்ன ஆகும்?"

"மருந்த நிறுத்தி ஆறு மாசம் ஆராய்வாங்க. உங்க கை பழையபடி நடுங்கும். எழுதச் சொல்லி நான் வற்புறுத்த முடியாது."

ஆறு மாதம் சிந்துகிற டீக்கு யார் வருவார்கள்? சங்கிலி பாய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை நம்பி இந்த மருந்தை வாங்குகிற யாரோ ஒருத்தி, பிள்ளைக்குப் பால் ஆற்றுவாள். தொட்டுப் பார்ப்பாள். ஆறிவிட்டது என்று நினைத்துப் புகட்டுவாள்.

"எழுதிக்கம்மா. சிந்தாது. ஆனா ஆறிட்டுதான்னு பக்கத்துல இருக்கவங்களக் கேட்டுக்கிடணும்."

சொல்லேடு அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாங்கிக்கொண்டது. ஸ்டெல்லா அவர் தோளில் ஒட்டியிருந்த மருந்துப்பட்டையைக் கழற்றினாள். உடம்பிலிருந்து மருந்து இறங்க ஒரு நாளாகும்; அதுவரை நடுக்கம் திரும்பாது.

சங்கிலி எழுந்துபோய், கையை நன்றாக உயர்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒரு டீ ஆற்றினார். கிளாசை அவளிடம் நீட்டினார்.

"தொட்டுப் பாத்துச் சொல்லும்மா."

ஸ்டெல்லா விரல் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு ஆத்து ஆத்துங்க, அண்ணாச்சி."